பிறைப் பட்டறையில் ஒரு மடக்குக் கத்தி

வியாழக்கிழமை, ரயிலில்

காலையில் கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரலில் ஏறியவன் இப்போது ஈப்போவைத் தாண்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் என் கைப்பேசியில் ஓடும் கத்திப் படங்களை ரெண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

விஷயம் இதுதான். பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில் அச்சு வடிவமைப்பு வேலை பார்க்கும் ஒரு தம்பி, கத்தி என்றால் என்னைப் போலவே பைத்தியம், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒரு மடக்குக் கத்தியை வரைந்து முடித்துவிட்டான். அதைத் தீவுக்கு எதிரே பெருநிலத்தில் இருக்கும் பிறை என்ற ஊரில் ஒரு பட்டறையில் செய்யவும் கொடுத்துவிட்டான். கத்தி செய்கிற கம்பெனி இல்லை அது. சிப் தொழிற்சாலைகளுக்கு டை (வெட்டவும் வார்க்கவும் உதவும் அச்சு), ஜிக் (வேலைப் பொருளைச் சரியாகப் பிடித்து வைக்கும் சாதனம்), அது இது என்று செய்து கொடுக்கிற இடம். முதல் தவணை 100 கத்தி, அதற்கு முன்னால் சோதனைக்கென்று கொஞ்சம். அந்தச் சோதனைக் கத்திகள் இந்த வாரம் முடிகின்றன. "இப்பவே வந்து பாருங்கண்ணே, அப்புறம் வாங்கிட்டுக் குறை சொல்லாதீங்க" என்றான். லீவு சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

பினாங்கில் போய்க் கத்தியா என்று கேட்பவர்கள் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரம் 1972இல் ஆரம்பித்தது, இன்டெல் வந்ததும் அதே வருஷம்தான். பெரிய கம்பெனிகள் வந்தால் அவர்களுக்கு உதிரி செய்து கொடுக்க ஆள் வேண்டும் அல்லவா, அப்படித் தீவிலும் இந்தப் பக்கம் பிறை, புக்கிட் மெர்தாஜம் என்றும் சின்னச் சின்னப் பட்டறைகள் வந்தன. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தப்பினாலும் சரக்கு திரும்பி வந்துவிடும் என்ற பயத்திலேயே பழகிய கைகள் அவை. காடு வெட்டும் பாராங் கத்தி அடிக்க அந்தப் பயம் தேவையில்லை. மடக்குக் கத்திக்குத் தேவை.

எங்கள் தாத்தா தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அவருடைய கத்தியை வீட்டில் இன்னும் வைத்திருக்கிறோம். அந்த மாதிரிக் கத்தி ஒரே துண்டு இரும்பு, பதமும் சாணையும் சரியாக இருந்தால் போதும். மடக்குக் கத்தியில் அலகு அசைகிறது. மூடினால் மூடியே இருக்க வேண்டும், திறந்தால் விரல் மேல் மடங்கக் கூடாது, ஆட்டம் இருக்கக் கூடாது, ஆனால் ஒரு கட்டை விரலால் திறக்கவும் வேண்டும். இந்த நாலும் ஒன்றோடொன்று சண்டை போடுகிற விஷயங்கள்.

ஒப்பினெல் என்ற பிரெஞ்சுக் கத்தி 1890இலேயே வந்துவிட்டது, ஆனால் அதில் பூட்டு வளையம் வைத்தது 1955இல்தான். அத்தனை வருஷமும் விவசாயிகள் பூட்டில்லாமலேயே ரொட்டியும் சீஸும் வெட்டிக்கொண்டிருந்தார்கள், ஒன்றும் ஆகிவிடவில்லை. 1960களில் அமெரிக்காவில் பக் 110 வந்தது, முதுகில் அமுக்கினால் மடங்கும், கனமான பூட்டு. 1981இல் ஸ்பைடெர்கோ என்ற அமெரிக்கக் கம்பெனியின் சால் கிளெஸர் அலகில் வட்டமாக ஓட்டை போட்டு ஒரு கையால் திறக்க வைத்தார், பாக்கெட்டில் மாட்ட கிளிப்பும் வைத்தார். ஏறக்குறைய அதே காலத்தில் மைக்கேல் வாக்கர் என்ற கைவினைஞர், பிடிக்குள் இருக்கும் தகட்டின் நாக்கே அலகைத் தடுத்து நிறுத்தும் லைனர் லாக்கை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். தம்பி வரைந்திருப்பதும் லைனர் லாக்தான். எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு, அதை நேரில் பேசிக்கொள்கிறேன்.

புக்கிட் மேரா ஏரி மேல் ரயில் போகிற இடம் வந்ததும் எழுதுவதை நிறுத்திவிட்டேன். இரண்டு பக்கமும் தண்ணீர், மேலே மேகம், பெரியவர்கூடக் கத்தியை மறந்துவிட்டுப் படம் எடுத்தார்.

இரவு, பட்டர்வொர்த்தில் அக்கா வீட்டிலிருந்து சேர்க்கிறேன். மீன் குழம்பு முடிந்ததும் அக்காவின் முதல் கேள்வி: "இதெல்லாம் பையில வச்சிக்கிட்டுப் போனா போலீஸ் பிடிக்காதாடா?" பிடிக்கலாம்தான். 1958ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆபத்தான ஆயுதம் வைத்திருந்தால் குற்றம், தண்டனையும் சின்னதில்லை. மீன் பிடிக்கப் போகிறவன், காட்டுக்குள் கேம்ப் போடப் போகிறவன் பெட்டியில் வைத்துக்கொண்டு போவது வேறு. பேரங்காடியில் ஜீன்ஸ் பாக்கெட்டில் கிளிப் தெரிய நடப்பது வேறு. அமெரிக்காக்காரன் வீடியோ பார்த்து இங்கே அதே மாதிரி மாட்டிக்கொண்டு திரியாதீர்கள். நான் வாங்கும் கத்தியெல்லாம் வீட்டில் பழம் வெட்டவும் அட்டைப்பெட்டி கிழிக்கவும்தான் என்று சொன்னேன். "அதுக்குத்தான் அடுப்படிக் கத்தி இருக்கே" என்றார் அக்கா. இதற்குப் பதில் என்னிடம் இன்றுவரை இல்லை.

வெள்ளிக்கிழமை, பிறை

பட்டறை வெளியே பார்க்க ஒன்றுமில்லை. வரிசைக் கட்டடத்தில் ஒரு இரும்பு ஷட்டர், பக்கத்தில் டயர் கடை. உள்ளே போனதும் கூலன்ட் எண்ணெய் வாடை, ஒரு மூலையில் மின்னல் எப்.எம்., நடுவில் தரை அவ்வளவு சுத்தம். தவுக்கே, அதாவது முதலாளி, அறுபதைத் தாண்டிய சீனர், பார்த்ததும் "சாப்டாச்சா?" என்று தமிழில் கேட்டுவிட்டு மிச்சத்தையெல்லாம் மலாயில் பேசினார். வேலையை நடத்துவது நம்ம ஆள் ஒருவர், முப்பது வருஷமாக டை வேலை. அண்ணே என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் தகடு. 14சி28என் என்ற ஸ்வீடன் இரும்பு, 3 மி.மீ. கனத்துக்குக் கொஞ்சம் மேலே. சான்ட்வீகென் ஊரில் உருக்கியது. சான்ட்விக் என்று நாம் சொல்லிப் பழகிய அந்த உலோகப் பிரிவுக்கு 2022 முதல் அலெய்மா என்று பெயர். இதில் கார்பன் 0.62 சதவீதம், குரோமியம் 14, கொஞ்சூண்டு நைட்ரஜன், 0.11. கத்திக்காரர்கள் பலருக்கு டி2 இரும்புதான் உசத்தி, கார்பன் 1.5, குரோமியம் 12, கூர் நாள் கணக்கில் நிற்கும். நிற்கும்தான், ஆனால் அந்தக் குரோமியத்தில் நிறையப் பங்கு கார்பனோடு சேர்ந்து கடினமான துகள்களாகப் போய்விடுவதால் துருவைத் தடுக்க மிச்சம் இருப்பது குறைவு. பினாங்கு உப்புக் காற்றில் டி2 கத்தியை மாங்காய் வெட்டிவிட்டு ஒரு ராத்திரி துடைக்காமல் வைத்துப் பாருங்கள். தம்பி அதற்காகத்தான் ஸ்வீடன் இரும்பை எடுத்தானாம். கூர் சீக்கிரம் போனால் என்ன, கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் திரும்ப வந்துவிடும் என்கிறான். நானும் அவன் கட்சிதான்.

தகடு வரும்போது மெத்தென்று இருக்கும், அதாவது இரும்பு கணக்கில் மெத்து. அலகின் உருவத்தைக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டி, அலகு அசைவதற்கான திருகாணி போகும் ஓட்டையையும் சின்னதாகத் துளைத்து, பதம் ஏற்ற வெளியே அனுப்புகிறார்கள். அந்த வேலைக்கென்றே வேறு இடம் இருக்கிறது, காற்றில்லாத உலை. 1,060 டிகிரி அளவுக்குச் சூடேற்றிச் சில நிமிடம் வைத்து, நைட்ரஜன் வாயுவை அழுத்தத்தோடு அடித்துச் சட்டென்று குளிர வைத்து, அதோடு விடாமல் பூஜ்யத்துக்குக் கீழே 70 டிகிரி வரைக்கும் உறைய வைக்கிறார்கள். சூட்டில் உருவான அமைப்பில் ஒரு பகுதி சாதாரணக் குளிர்ச்சியில் கடினமாக மாறாமல் அடம் பிடித்து நிற்குமாம், அதையும் மாற்றத்தான் அந்த உறைவிப்பு. பிறகு 180 டிகிரியில் இரண்டு மணி நேரம் வாட்டி எடுத்தால் கண்ணாடி மாதிரி உடையும் குணம் போய்விடும்.

பதம் ஏறி வந்த அலகுகள் ஒரு பிளாஸ்டிக் தட்டில் சாம்பல் நிறத்தில் கிடந்தன. அண்ணன் ஒன்றை எடுத்துக் கடினத்தை அளக்கும் ராக்வெல் எந்திரத்தில் வைத்தார். வைரக் கூம்பு ஒன்று இறங்கி, முதலில் 10 கிலோ பாரத்தில் தொட்டு, பிறகு 150 கிலோ பாரத்தில் அழுத்திவிட்டு எழுந்தது. முள் 60க்கு ஒரு மயிரிழை மேலே நின்றது. அலகைக் கையில் வாங்கிப் பார்த்தேன், வால் பக்கத்தில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக ஒரு குழி, விரலால் தடவினால்கூடத் தெரியவில்லை, நகத்தை வைத்தால்தான் தட்டியது. பிடிக்குள் மறைந்துவிடும் இடம் பார்த்துத்தான் குத்துகிறார்களாம். "மூணுதான் குத்துவேன். மிச்சத்துக்கு உலைக்காரன் சீட்டு போதும்" என்றார் அண்ணன்.

அடுத்து நடந்ததுதான் நான் கத்திப் பட்டறைகளைப் பற்றிப் படித்ததில் பார்க்காதது. பதம் ஏற்றும்போது அலகு கொஞ்சம் நெளியும், அளவும் சற்று மாறும். வழக்கமாக அதை அரைத்துச் சரி செய்வார்கள். இவர்களிடம் ஒயர்கட் எந்திரம் இருக்கிறது, சிப் கம்பெனி வேலைக்காக வாங்கியது. கால் மி.மீ. தடிமன் பித்தளைக் கம்பி மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருக்க, தண்ணீருக்குள் கம்பிக்கும் இரும்புக்கும் நடுவில் மின்பொறி பறக்கிறது, அந்தப் பொறி இரும்பைத் துகள் துகளாகத் தின்றுவிட்டுப் போகிறது. கம்பி இரும்பைத் தொடுவதே இல்லை. அதனால் இரும்பு மெத்தா கடினமா என்ற கவலையே இல்லை, மின்சாரம் பாய்ந்தால் போதும். பூட்டு வந்து உட்காரும் அந்தச் சரிவான முகத்தையும் திருகாணி ஓட்டையையும் பதம் ஏற்றிய பிறகு, ஒரே பிடிப்பில், இதில் வெட்டுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் எல்லா அலகிலும் ஒன்றாக வந்துவிடுகிறது. ஒரு அலகுக்கு இருபது நிமிடம் பிடித்தது. தவுக்கே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார், அந்த நேரத்தில் வேறு எந்த வேலையை ஓட்டியிருக்கலாம் என்று கணக்குப் போட்டிருப்பார்.

மத்தியானம் ஜும்மா தொழுகைக்காக ரெண்டு பேர் போனார்கள், எந்திரங்கள் பாதி நின்றன, நாங்கள் மூலைக்கடையில் வாழையிலைச் சாப்பாடு. அங்கே என் மனத்தாங்கலைக் கிளப்பினேன். நான் இடது கைக்காரன். லைனர் லாக் என்பது வலது கைக் கட்டை விரல் தள்ளுவதற்காகச் செய்தது. இடது கையில் பிடித்தால் ஆட்காட்டி விரலை உள்ளே நுழைத்து இழுத்து, அலகு மடங்குகிற வழியிலிருந்து அதே விரலை அவசரமாக எடுக்க வேண்டும். பழகிவிடும் என்று வலது கைக்காரர்கள்தான் சொல்வார்கள். தம்பி சிரித்துக்கொண்டே "பாஸ்கிட்ட நீங்களே கேளுங்கண்ணே" என்றான். கேட்டேன். தவுக்கே இலையை மடித்தார், "பத்துக்குக் கீழே ஆர்டர் வந்தால் செய்ய மாட்டேன்" என்றார், மறுபடி டீ சொன்னார். செய்ய மாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லையே, அதுவரைக்கும் லாபம்.

சனிக்கிழமை, பிறை

இன்று பேருக்குத்தான் அரை நாள் வேலை. நேற்றைவிட இன்றுதான் நிறையப் பார்த்தேன், சொல்லவும் நிறைய இருக்கிறது.

காலையில் பெல்ட் கிரைண்டர். 2 அங்குல அகலம், 72 அங்குலச் சுற்றளவு, கத்தி செய்கிறவர்கள் உலகம் முழுக்க வைத்திருப்பது இந்த அளவுதான். அதில் நிற்பது ஒரு அங்கிள், வயது எழுபதுக்குப் பக்கம், நிபோங் திபால் பக்கத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இந்த வேலைக்காகவே தவுக்கே வீட்டிலிருந்து கூப்பிட்டு வந்திருக்கிறார். பதம் ஏறிய அலகை வெறுங்கையால் பிடிக்கிறார், கையுறை கிடையாது. ஏன் என்று கேட்டேன். "கை சுடுதுன்னா தண்ணில முக்கணும். கையுறை போட்டா எனக்கு எப்படித் தெரியும்?" 180 டிகிரியில் வாட்டிய அலகை அதற்கு மேல் சூடாக்கினால் ஏற்றின பதம் இறங்கிவிடும், அதுவும் வாய்ப் பக்கம், அதாவது கூர் வரும் ஓரம், மெல்லிசானதால் கண்மூடித் திறப்பதற்குள் சூடேறிவிடும். ஒரு இழுப்பு, ஒரு முக்கு. ஒரு இழுப்பு, ஒரு முக்கு. அறுபதாம் நம்பர் பெல்ட்டில் ஆரம்பித்து நானூறு வரைக்கும் போனார். அலகின் வாயில் கோடு போட்டு வைத்திருக்கிறார், இரண்டு பக்கத்துச் சரிவும் அந்தக் கோட்டில் சந்திக்கும்போது நடுவில் 0.4 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும், கூர் வைப்பது கடைசியில். ஒரு அலகில் நுனிப் பக்கம் கோடு கொஞ்சம் ஏறிவிட்டது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் தனியாக ஒரு டப்பாவில் போட்டார். நான் பார்த்தால் அது நல்ல கத்திதான்.

100 கத்தியையும் இவரே அரைப்பாரா என்று கேட்டதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. எண்ணெய் பாய்ச்சி அரைக்கும், கம்ப்யூட்டர் ஓட்டுகிற சிஎன்சி எந்திரம் உண்டு, பெரிய கம்பெனிகள் அதில்தான் செய்கிறார்கள், 100 கத்திக்கு அதை வாங்க முடியாது. அங்கிளுக்கு முதுகு வலி. இந்த இடத்தில்தான் இந்தக் கத்தி தாமதமாகும் என்பது என் கணிப்பு.

அலகுகளைப் பீங்கான் கற்களோடு சேர்த்து உருட்டும் எந்திரத்தில் போட்டுவிட்டு, டைட்டேனியம் பக்கம் போனோம். பிடிக்கு உள்ளே இரண்டு பக்கமும் வைக்கும் லைனர் தகடுகள், 1.5 மி.மீ., கிரேடு 5. அதாவது 6 பங்கு அலுமினியம், 4 பங்கு வனேடியம் கலந்தது. இரும்பைவிட ரொம்ப லேசு, நல்ல நெகிழ்வும் உண்டு. இதற்கு நீல நிறம் ஏற்றுவதைக் காட்டினார்கள். சாயமே கிடையாது. உப்புக் கரைசலில் தகட்டை முக்கி மின்சாரம் கொடுத்தால் மேலே ஆக்சைடு படலம் வளர்கிறது, வோல்டேஜ் ஏற ஏறப் படலம் தடிக்கிறது, ஒளி அதில் பட்டுத் திரும்பும்போது நிறம் மாறித் தெரிகிறது. அண்ணன் குமிழை மெதுவாகத் திருப்பினார். வெண்கல நிறம் வந்தது, ஊதா ஆனது, 30 வோல்ட் பக்கம் வந்ததும் அடர் நீலம். இன்னும் ஏற்றினால் வெளிறி மஞ்சளுக்குப் போகும் என்றார். தம்பி பதறிப்போய் "போதும்ணே, போதும்ணே" என்றான். என்னைக் கேட்டால் நிறமே வேண்டாம், உள்ளே மறைகிற தகட்டுக்கு எதற்கு நீலம். ஆனால் விற்கிறவன் அவன்.

இனிமேல்தான் கதை. துண்டுகளைச் சேர்த்துக் கத்தியாகப் பூட்ட உட்கார்ந்தார்கள்.

லைனர் தகட்டில் ஒன்றை நீளவாக்கில் கீறி, கீறிய நாக்கை உள்பக்கமாக வளைத்து விடுகிறார்கள். கத்தி திறந்ததும் அந்த நாக்கு துள்ளி வந்து அலகின் வாலுக்குப் பின்னால் நிற்கும், அதுதான் பூட்டு. அதே நாக்கில் 1.5 மி.மீ. பீங்கான் குண்டு ஒன்றைப் பாதி வெளியே தெரியும்படி அழுத்தி வைத்திருக்கிறார்கள். கத்தி மூடியிருக்கும்போது அந்தக் குண்டு அலகின் வாலில் துளைத்த சின்னக் குழிக்குள் விழுந்து அலகைப் பிடித்துக்கொள்கிறது. கத்திக்காரர்கள் இதை டிடென்ட் என்பார்கள். கத்தி பாக்கெட்டில் தானாகத் திறந்து தொடையைக் கிழிக்காமல் இருப்பது இந்த ஒரு குண்டால்தான். திறக்கும்போது கட்டை விரலுக்குக் கிடைக்கும் அந்த "டக்" என்ற சுகமும் இதே குண்டால்தான்.

குழி சரியான இடத்தில் இருந்தால் குண்டு அதன் அடி வரைக்கும் போகாது. ஓரத்தில் சாய்ந்து நின்று, அலகை இன்னும் உள்ளே உள்ளே என்று இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு மயிரிழை தள்ளிப் போனாலும் குண்டு குழிக்குள் சுகமாகப் படுத்துவிடும், அலகு லொட லொட என்று ஆடும். முதலில் பூட்டிய கத்தியை அண்ணன் மூடிய நிலையில் தலைகீழாகப் பிடித்து ஒரு உதறு உதறினார், அலகு பாதி வெளியே வந்து நின்றது. யாரும் பேசவில்லை. அடுத்ததை எடுத்தார். அது ஆடவில்லை, ஆனால் திறக்கவும் முடியவில்லை, தம்பி கட்டை விரல் சிவந்து போனது. ஒரே வரைபடம், ஒரே எந்திரம், ஒரே நாள். ஒன்று தளர்வு, ஒன்று இறுக்கம்.

காரணம் தேட மூன்று மணி நேரம் ஆயிற்று. அலகுகளை அளந்தார்கள், நூறில் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை, ஒயர்கட் தன் வேலையைச் செய்திருந்தது. குண்டு அதே குண்டு. கடைசியில் பார்த்தால் நாக்கைக் கையால் வளைத்திருந்ததில் ஒன்று கொஞ்சம் கூட, ஒன்று கொஞ்சம் குறைவு. இத்தனை விலை கொடுத்து வாங்கிய எந்திரங்கள் இருக்கிற இடத்தில், கத்தியின் குணத்தைத் தீர்மானித்தது ஒரு ஆள் இடுக்கியால் கொடுத்த அழுத்தம். அண்ணன் உடனே ஒரு சின்ன ஜிக் செய்யச் சொன்னார், தகட்டை வைத்து நெம்புகோலை இறக்கினால் எல்லா நாக்கும் ஒரே அளவு வளையும்படி. தவுக்கே மட்டும் தலையை ஆட்டினார். டைட்டேனியத்துக்கு நினைவு உண்டாம், வளைத்தது கொஞ்சம் திரும்பி வருமாம், தகட்டுக்குத் தகடு அது மாறுமாம். அதனால் ஜிக்கில் வளைத்த பிறகும் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் தட்டிப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

நல்ல மடக்குக் கத்தி ஏன் விலை என்று இனி யாராவது கேட்டால் இந்த நாக்கைக் காட்டுவேன். ஸ்வீடன் இரும்பு, அந்த டிகிரி, இந்த டிகிரி என்று விளம்பரத்தில் போடுகிறார்கள், அதெல்லாம் பணம் கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும். வாலுக்கும் நாக்குக்கும் குண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒட்டுறவை யாராவது உட்கார்ந்து கத்தி கத்தியாகச் சரி பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. மலிவுக் கத்திகளில் அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

மாலைக்குள் ரெண்டு கத்தி சரியாக வந்துவிட்டது. திறந்தால் நாக்கு வாலின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்து நிற்கிறது. புதுக் கத்திக்கு அது போதும், தேயத் தேய இன்னும் உள்ளே போக இடம் வேண்டும். டைட்டேனியமும் இரும்பும் உரசும்போது லேசாக ஒட்டிக்கொண்டு மூட மறுத்தது ஒன்று. அண்ணன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் பூட்டு முகத்தில் தேய்த்தார், சரியாகிவிட்டது. பிறகு தம்பி கத்தியைத் திறந்து முதுகை மேசையில் ஓங்கி அடித்துக் காட்டப் போனான், இணையத்தில் எல்லோரும் செய்கிற அதே சோதனை. எனக்கு அது பிடிக்காது. கத்தியின் முதுகில் யாரும் சுத்தியல் மாதிரி அடித்து வேலை செய்வதில்லை. கைக்குள் இறுக்கிப் பிடித்துப் பிடியை முறுக்கும்போது பூட்டு நழுவுகிறதா என்று பார்ப்பதுதான் உருப்படியான சோதனை. அதைச் செய்தோம், நழுவவில்லை. அவன் எப்படியும் அடித்தான், அதுவும் தாங்கியது.

ஞாயிற்றுக்கிழமை, ஜார்ஜ்டவுன்

காலையில் பெர்ரி பிடித்துத் தீவுக்கு வந்தேன். பழைய மஞ்சள் பெர்ரிகள் 2020 கடைசியோடு நடந்து வரும் பயணிகளை ஏற்றுவதை நிறுத்திவிட்டன, 2023இல் புதுசு வந்துவிட்டது, குளுகுளு அறையெல்லாம் இருக்கிறது, எனக்கென்னவோ வெளியே நின்று காற்று வாங்குவதுதான் பிடிக்கிறது. குவீன் தெரு மாரியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு, லெபோ பாசாரில் தோசை. அங்கே பாத்திரக் கடைகளில் அரிவாள்மனையும் பாக்குவெட்டியும் இன்னும் தொங்குகின்றன. பாக்குவெட்டியும் திருகாணியில் அசைகிற வெட்டுக் கருவிதான், அதற்குப் பூட்டும் இல்லை குண்டும் இல்லை, வாங்கியதும் வேலை செய்கிறது. தம்பியிடம் சொன்னேன், அவன் ரசிக்கவில்லை.

மத்தியானம் அவன் வீட்டில் சோதனை. சரியாக வந்த கத்தி ஒன்றை, ஒரு பக்கத்துக்கு 18 டிகிரி அளவில் கூர் வைத்து, பட்டறை அனுமதியோடு எடுத்து வந்திருந்தான். சௌரஸ்தா சந்தையில் வாங்கிய ஜாதிக்காய், பச்சையாக, அதன் சதையை மெல்லிசாகச் சீவினோம். கொட்டையைத் தொடும் வரை கத்தி தடையே இல்லாமல் போனது. கொய்யா, அப்புறம் அட்டைப்பெட்டி, அட்டைப்பெட்டி, இன்னும் அட்டைப்பெட்டி. அட்டையில் தூசும் மணலும் இருப்பதால் கூரைக் கெடுக்க அதைவிட நல்ல பொருள் இல்லை. முழு பெட்டியை நாடா நாடாவாகக் கிழித்த பிறகும் தாளை வெட்டியது, தக்காளித் தோலில்தான் வழுக்க ஆரம்பித்தது. பீங்கான் கிண்ணத்தின் அடியில் நாலு தடவை இழுத்தான், தக்காளி வெட்டியது.

குறை என்று எனக்குப் பட்டவை: கிளிப் ரொம்ப விறைப்பு, துணியைக் கிழிக்கும். பிடியில் போட்டிருக்கும் மிக்கார்ட்டாவில் (பிசினில் அழுத்திய துணி அடுக்கு) ஓரம் இன்னும் கொஞ்சம் உருட்ட வேண்டும், பத்து நிமிடம் வெட்டினால் சுண்டு விரலுக்குக் கீழே உறுத்துகிறது. அலகைத் திறக்கும் ஓட்டை அருமை, அதைத் தொடக் கூடாது. திருகாணியில் பாஸ்பர் வெண்கல வாஷர் போட்டிருக்கிறான், பேரிங் போடவில்லை, மிக நல்லது. பேரிங் போட்டால் கடையில் எடுத்துப் பார்க்கும்போது வழுக்கிக்கொண்டு திறக்கும், மூணு மாதம் கழித்து உள்ளே மணலும் துணிப் பஞ்சும் சேர்ந்து கரகரக்கும்.

விலை 300 வெள்ளிக்குள் முடிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அங்கிளின் கிரைண்டர் நேரத்தையும் நாக்கு சரி பார்க்கிற ஆளையும் சேர்த்தால் அது நடக்காது, 380க்குக் கீழே வராது என்று நான் சொன்னேன். வாக்குவாதம் ரொம்ப நேரம் போயிற்று. இடது கைக் கத்தி விஷயத்தைத் தவுக்கேயே தீர்த்துவிட்டார், காலையில் குறுஞ்செய்தி: லைனர் நிரலைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பினால் போதும், கிளிப் ஓட்டை மட்டும் மாற வேண்டும், 100இல் 10 செய்யலாம், ஒவ்வொன்றுக்கும் 40 வெள்ளி கூட. இடது கைக்காரன் கத்தரிக்கோல் முதல் கிட்டார் வரைக்கும் கூடத்தான் கொடுத்துப் பழக்கம். ஒன்றுக்கு முன்பணம் கட்டிவிட்டேன்.

நாளை ரயிலில் திரும்புகிறேன், கையில் கத்தி எதுவும் இல்லை, அந்தச் சோதனைக் கத்தியும் பட்டறைக்கே திரும்பிப் போக வேண்டும். செவ்வாய்க்கிழமை அந்த வளைக்கும் ஜிக் தயாராகிவிடுமாம், அதில் வளைத்த நாக்குகளோடு அடுத்த பத்துக் கத்தியைப் பூட்டி உதறிப் பார்ப்பார்கள். தம்பி வீடியோ அனுப்பினால் இங்கேயே போடுகிறேன்.